பின் டயரை அகலமாக்கினேன், இப்போது ஹேண்டில் ஆடுகிறது: காற்று எவ்வளவு வைப்பது?

#1 சைடுஸ்டாண்டு

வணக்கம். என்னுடையது 110 சிசி ஸ்கூட்டர். இரண்டு பக்கமும் பத்து அங்குல ரிம், டிரம் பிரேக், ட்யூப்லெஸ் டயர். நாலு வருடம் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டினேன். போன மூன்று மாதமாகக் கை சும்மா இருக்கவில்லை.

பின்னால் 90/100-10 இருந்தது, அதை எடுத்துவிட்டு 100/90-10 போட்டேன். வேரியேட்டரில் (வேகத்துக்கு ஏற்பப் பெல்ட்டை நகர்த்தி, தானாகக் கியர் மாற்றும் பகுதி) ஆறு ரோலரையும் மாற்றினேன், ஒவ்வொன்றும் பழையதைவிட 2 கிராம் குறைவு. சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி மாட்டினேன். லேப்டாப், மழைக்கோட்டு, பூட்டு, சங்கிலி எல்லாம் அதற்குள்தான்.

பிரச்சினை இதுதான். 60-ல் போய்க்கொண்டிருந்துவிட்டு ஆக்சிலரேட்டரை விட்டால், வேகம் 45-லிருந்து 35-க்கு இறங்கும் இடத்தில் ஹேண்டில் படபடவென்று ஆடுகிறது. இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். 30-க்குக் கீழே ஒன்றும் இல்லை. போதாததற்கு வளைவில் பின்பக்கம் கொஞ்சம் மிதப்பது போலவும் இருக்கிறது.

மானுவலில் முன் 22, பின் தனியாகப் போனால் 29, இரண்டு பேர் என்றால் 36 பிஎஸ்ஐ. பெட்டி இருக்கிறதே என்று நான் எப்போதும் பின்னால் 36 வைக்கிறேன், முன்னால் 22. அகல டயருக்கு வேறு அளவு உண்டா? அடுத்ததாக முன்பக்கம் 12 அங்குல ரிம் போடலாம் என்றும் ஒரு ஆசை.

#2 ரோலர்பிரியன்

பின்னால் 40 வை நண்பா. அகல டயர் காற்று அதிகம் கேட்கும். மிதப்பது என்றாலே காற்று போதவில்லை என்றுதான் அர்த்தம். டயர் பக்கவாட்டில் பெரும அழுத்தம் என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும் பார், அதற்கு ஒன்றிரண்டு கீழே வைத்தால் போதும். பிக்கப்பும் கூடும். முன்னால் 28. நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

#3 ஈரத்தரை

ரோலர்பிரியன் சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் எண்ணோடு ஒரு எடையும் போட்டிருக்கும், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "இவ்வளவு எடையைத் தாங்க இவ்வளவு காற்று வேண்டும்" என்பதுதான் அந்த வாசகம். உங்கள் வண்டியின் பின் சக்கரம் அந்த எடையைத் தூக்குகிறதா?

தோராயக் கணக்கு ஒன்று போடுகிறேன். தரையில் டயர் பதிகிற பரப்பு ஏறக்குறைய எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வரும். டயரின் சொந்த விறைப்பால் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு புரியும். பின் சக்கரத்தில் 110 கிலோ என்று வையுங்கள். 29 பிஎஸ்ஐ என்பது சதுர செ.மீ.க்கு 2.04 கிலோ, ஆக 54 சதுர செ.மீ. பதியும். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவு. 40 வைத்தால் 39 ஆகிவிடும். அகல டயருக்கு மாறியதே பிடிமானத்துக்காக என்றால், அதில் கால்வாசிக்கும் மேல் காற்றடித்தே தொலைத்த மாதிரி. தரை ஈரமாக இருக்கும் நாளில் பிரேக்கைத் தொட்டதும் பின்பக்கம் வழுக்கும். எனக்கு ஒருமுறை வழுக்கியது, அதில்தான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டேன்.

#4 ரோலர்பிரியன்

நான் மூன்று வருடமாக 40-ல் ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட விழவில்லை.

#5 பழையசக்கரம்

தம்பி, ஆளாளுக்கு ஒரு எண்ணைச் சொல்வதற்கு முன்னால் சக்கரத்தின் மேல் என்ன எடை இருக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தட்டு இருந்தால் போதும்.

சமதளமான தரையில், பின் சக்கரத்தைத் தட்டின் மேல் ஏற்றுங்கள். முன் சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு பலகை. வழக்கமாக ஓட்டுவது போல உட்கார்ந்து இரண்டு காலையும் மேலே வையுங்கள். பக்கத்தில் ஒருவர் வண்டி சாயாமல் விரலால் தாங்கட்டும், தூக்கிவிடக் கூடாது. இன்னொருவர் எண்ணைப் படிக்கட்டும். அப்புறம் முன் சக்கரத்துக்கும் அதே மாதிரி. இரண்டையும் கூட்டினால் வண்டி, நீங்கள், சாமான் எல்லாம் சேர்ந்த எடை வர வேண்டும். நாலைந்து கிலோ இடித்தால் யாரோ தாங்குகிறார்கள் என்று அர்த்தம், மறுபடி பாருங்கள். தட்டு எவ்வளவு வரை தாங்கும் என்று அடியில் எழுதியிருக்கும், அதையும் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பெட்டி இல்லாமல் ஒருமுறை, வழக்கமான சாமானோடு பெட்டியை மாட்டி ஒருமுறை.

இன்னொன்று. உங்கள் மானுவலில் உள்ள 22, 29, 36 என்ற எண்கள் விநோதமாகத் தெரியும், ஏன் 30 இல்லை, 35 இல்லை என்று. அவை 150, 200, 250 கிலோபாஸ்கல். முழு எண்ணாக வைத்ததைப் பிஎஸ்ஐக்கு மாற்றும்போது அப்படி வந்தது. அதாவது 29-க்கும் 36-க்கும் நடுவில் எதுவுமே ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. எளிதில் நினைவிருக்கட்டும் என்று இரண்டு படி வைத்தார்கள், அவ்வளவுதான்.

#6 மெதுவாகப்போ

நடுவில் ஒரு சந்தேகம். நைட்ரஜன் அடித்தால் இந்த ஆட்டம் எல்லாம் போகுமா?

#7 கிரீஸ்கை

போகாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். ஈரம் இல்லாத வாயு என்பதுதான் அதில் உள்ள நன்மை, நம் ஸ்கூட்டருக்கு அது பெரிய விஷயம் இல்லை.

சைடுஸ்டாண்டு, நீங்கள் ஒன்று சொல்லவில்லை. 22, 36 என்று எந்தக் கேஜில் பார்த்தீர்கள்? எப்போது பார்த்தீர்கள்? வண்டி ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் அடித்ததா, இல்லை ஆறிய டயரா?

#8 சைடுஸ்டாண்டு

எடை பார்த்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், பரவாயில்லை.

பெட்டி இல்லாமல், நான் உட்கார்ந்து: முன் 71, பின் 112 கிலோ. மொத்தம் 183. வண்டி 105, நான் 78, சரியாக வருகிறது.

பெட்டி, சாமானோடு: முன் 69, பின் 126. பெட்டியும் உள்ளே இருப்பதும் சேர்ந்து 12 கிலோ. ஆனால் பின்னால் 14 கிலோ கூடியிருக்கிறது, முன்னால் 2 குறைந்திருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன், அதேதான்.

கிரீஸ்கை அண்ணா, காற்று அடிக்கும் இடத்தில் பம்பில் இருக்கும் முள் கேஜ்தான். வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய்த்தான் அடிப்பேன்.

#9 பழையசக்கரம்

12 கிலோ வைத்தால் 14 ஏறுவதில் மாயம் ஏதும் இல்லை. பெட்டி பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. பின் சக்கரத்தை மையமாக வைத்து ஏற்றப்பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்குகிறது. பெட்டியின் நடு, அச்சிலிருந்து 25 செ.மீ. பின்னால் இருந்து, இரண்டு சக்கரத்துக்கும் இடையே 125 செ.மீ. என்றால், 12 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு, 2.4 கிலோ, முன்னாலிருந்து கழிந்து பின்னால் சேரும். உங்கள் தட்டு பொய் சொல்லவில்லை.

பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அவர் கிட்டத்தட்ட அச்சுக்கு நேர் மேலேதான் இருப்பார். 60 கிலோ ஆள் என்றால் 57 பின்னால், 3 முன்னால் என்று வையுங்கள். அதனால்தான் மானுவலில் பின் டயருக்கு இரண்டு எண், முன் டயருக்கு ஒன்றே ஒன்று.

இனி காற்று. தனியாக 112 கிலோ, 29 பிஎஸ்ஐ. இரண்டு பேர் என்றால் 169 கிலோ, 36. நடுவில் 57 கிலோவுக்கு 7 பிஎஸ்ஐ. ஏறக்குறைய எட்டு கிலோவுக்கு ஒன்று. பெட்டி சேர்த்தது 14 கிலோ, ஆக சுமார் 2 பிஎஸ்ஐ. 31 வைத்துத் தொடங்குங்கள். 36 உங்களுக்கு அதிகம், 40 பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

அகல டயருக்குக் காற்று கூட வேண்டும் என்பது தலைகீழ். அதே எடையை அதிகக் காற்றுக் கொள்ளளவு தாங்குகிறது, வேண்டுமானால் கொஞ்சம் குறையலாம். நான் குறைக்கச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் ரிம் மாறவில்லை. பழைய டயருக்கு அளவெடுத்த ரிம்மில் அகல டயரைப் போட்டால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு மேற்பரப்பு கூம்பி உருளும். ரிம் அரை அங்குலம் குறுகினால் டயர் சுமார் 5 மி.மீ. குறுகும். வளைவில் மிதப்பது போல இருக்கிறது என்றீர்களே, பாதி அதுவாக இருக்கலாம். டயர் கம்பெனியின் அட்டவணையில் அந்த அளவுக்கு அனுமதித்த ரிம் அகலம் இருக்கும், உங்கள் ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தோடு ஒத்துப்பாருங்கள். டயருக்கும் இன்ஜின் கவருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு நல்ல செய்தி. அளவு தேர்ந்தெடுத்ததில் நீங்கள் தப்பு செய்யவில்லை. 90-ல் 100 சதவீதம் 90 மி.மீ. உயரம். 100-ல் 90 சதவீதமும் 90 மி.மீ. பத்து அங்குலம் 254, இரண்டு பக்கமும் 90 சேர்த்தால் இரண்டு டயரும் 434 மி.மீ. விட்டம்தான். பிக்கப் கணக்கு மாறாது.

#10 ஈரத்தரை

ரிம் விஷயத்தை நானும் சொல்ல வந்தேன். புது டயரா? முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குப் புது டயர் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், அதுவும் மிதக்கிற உணர்வைத் தரும். சுற்றும் திசைக்கான அம்புக்குறியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மாட்டும்போது திருப்பிப் போட்டுவிடுவது நடக்கிற விஷயம்தான்.

#11 கிரீஸ்கை

பழையசக்கரம் ஐயா கணக்கெல்லாம் அருமை. ஆனால் நாம் எல்லோரும் 36, 31, 40 என்று சண்டை போடுகிறோம், அந்த டயருக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எட்டு கிலோமீட்டர் ஓடிய டயர், யாருடையதோ ஒரு முள் கேஜ்.

தம்பி, சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். விடிகாலையில், வண்டியை ராத்திரி நிறுத்திய இடத்திலேயே வைத்துப் பாருங்கள். வெயில் ஒரு பக்கம் மட்டும் படுகிற இடமாக இருக்கக் கூடாது. அழுத்தி எடுத்ததும் வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் வால்வு பின் ஒழுகுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். பத்து அங்குல டயருக்குள் இருப்பதே கொஞ்சம் காற்று. கேஜை வைத்து வைத்துப் பார்த்தால் பார்க்கிற வேலையிலேயே காற்று இறங்கும். ஒரு தடவை உறுதியாக அழுத்தி, ஒரு தடவை படித்து, எடுத்துவிடுங்கள். டயருக்குள் சீலன்ட் ஊற்றியிருந்தால் வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தைச் சுற்றி, கொஞ்சம் காத்திருந்து பாருங்கள். கீழே வைத்துப் பார்த்தால் அந்தப் பசை கேஜுக்குள் போய்விடும்.

#12 சைடுஸ்டாண்டு

டிஜிட்டல் கேஜ் வாங்கினேன். இன்று காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். நேற்று மாலைதான் வழக்கம்போல 22, 36 அடித்துவிட்டு வந்திருந்தேன்.

முன் 17. பின் 31.

நம்ப முடியாமல் தெரிந்தவர் ஒருவரிடம் இருந்த இன்னொரு கேஜை வாங்கிப் பார்த்தேன். 17, 31.

#13 கிரீஸ்கை

ஹா! பின்னால் ஐயா கணக்குப் போட்டுச் சொன்ன 31 ஏற்கெனவே அங்கேதான் இருந்திருக்கிறது.

காரணம் இதுதான். ஓட்டிப் போனதில் சூட்டால் 2 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். பம்ப் கேஜ் 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டுகிறது போல. இரண்டும் சேர்ந்து ஐந்து. 36-ல் ஐந்து போனால் பெரிதாகத் தெரியாது. 22-ல் ஐந்து போனால் கிட்டத்தட்ட கால்வாசி. முன் டயர் மூன்று மாதமாகச் சொத சொதவென்று ஓடியிருக்கிறது. ஹேண்டில் ஆடாமல் என்ன செய்யும்?

#14 ஈரத்தரை

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நானும் பரப்பளவு கணக்குப் போட்டு நேரத்தை வீணாக்கினேன். சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள கணக்கு இங்கே உதவும்: 29 பிஎஸ்ஐ வைத்த டயரில் வெப்பம் 10 டிகிரி கூடினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். 22 வைத்ததில் ஒன்றேகால். காலையில் பார்ப்பதற்கும் நண்பகலில் பார்ப்பதற்கும் ஓட்டாமலே இரண்டு வித்தியாசம் வரலாம். அதைப் பார்த்துவிட்டு மத்தியானம் காற்றைத் திறந்துவிடக் கூடாது.

#15 ரோலர்பிரியன்

சரி, சரி. என் கேஜையும் பார்க்கிறேன். என் 40-ம் உண்மையில் எவ்வளவோ!

#16 பழையசக்கரம்

முன் டயரைச் சரியாக 22-க்கு ஏற்றுங்கள். அதோடு விடாதீர்கள், அந்த டயரைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை மேற்பரப்பில் வைத்து ஒரு திசையில் ஓட்டுங்கள், அப்புறம் எதிர்த் திசையில். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் மாதிரி தடுக்கினால் டயர் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன. மூன்று மாதம் குறைந்த காற்றில் ஓடியது, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் விழும் பாரம், இரண்டும் சேர்ந்து இதைச் செய்யும். அப்படித் தேய்ந்திருந்தால் காற்றை ஏற்றினாலும் ஆட்டம் முழுதாகப் போகாது.

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் இருபத்து மூன்றாவது வாரம். உங்கள் முன் டயர் வண்டியோடு வந்ததுதானே, வயதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோன் செட்டையும், அதாவது ஹேண்டில் தண்டு திரும்புகிற பேரிங்கையும், பார்க்க வேண்டும். நடு ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகப் பள்ளத்தில் விழுவது போல நின்றால் பேரிங் கிண்ணத்தில் தடம் விழுந்துவிட்டது. பிறகு சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள், டக் டக் என்றால் தளர்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், ஆட்டத்தைச் சோதிக்கிறேன் என்று ஹேண்டிலிலிருந்து கையை எடுக்க வேண்டாம். பிடியை லேசாக்கினாலே தெரியும்.

#17 மெதுவாகப்போ

பெட்டியும் ஒரு காரணமா ஐயா? எனக்குப் பெட்டி மாட்டியதும் இதே வேகத்தில் இப்படி வந்தது. நான் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

#18 பழையசக்கரம்

காரணம்தான். எடை வண்டியின் கடைக்கோடியில், உயரத்தில் இருக்கிறது. முன்னால் பாரம் குறைகிறது, பின்னால் வால் ஆட ஆரம்பித்தால் நிற்க நேரமாகிறது. கனமானதைக் காலடியில் இருக்கும் கொக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ வைத்துவிட்டு, பெட்டியில் மழைக்கோட்டு மாதிரி இலேசானதை மட்டும் போடுங்கள். அந்தச் சங்கிலியும் பூட்டும் எத்தனை கிலோ?

#19 சைடுஸ்டாண்டு

நாலு கிலோ.

#20 பழையசக்கரம்

முதலில் அதைக் கீழே இறக்குங்கள்.

#21 ரோலர்பிரியன்

காற்று விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன், ரோலர் விஷயத்தில் பேசலாம் அல்லவா. ஒரேயடியாக 2 கிராம் ஏன் குறைத்தாய்? ஆறு ரோலரில் 12 கிராம். ரோலர் இலேசானால் வேரியேட்டர் விரிய இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் பாயும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் 50-ல் நிதானமாகப் போகும்போதும் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், மைலேஜ் இறங்கும், உச்ச வேகம் கூடவே கூடாது. உனக்கு அப்படித்தானே?

என் வழி: பழைய ரோலர் மூன்று, புதியது மூன்று, ஒன்று விட்டு ஒன்றாக. 1 கிராம் குறைத்த மாதிரி ஆகிவிடும். மாறி மாறித்தான் வைக்க வேண்டும், ஒரே எடையை ஒரு பக்கமாகச் சேர்த்தால் தட்டு சமமாகச் சுற்றாது. கழற்றும்போது பெல்ட் அகலத்தையும் வெர்னியரில் அளந்துவிடு. மானுவலில் சொல்லும் குறைந்தபட்ச அளவை நெருங்கியிருந்தால் ரோலரில் எந்த வித்தை காட்டியும் பயன் இல்லை. தேய்ந்த ரோலர் தட்டையாகி இருக்கும். அப்படி ஆன பழையதைத் திரும்பப் போடாதே.

#22 கிரீஸ்கை

இது நூற்றுக்கு நூறு சரி. ஒன்று சேர்க்கிறேன். இலேசான ரோலர் போட்டால் ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் இழுத்துப் பிடிப்பதும் கொஞ்சம் கூடும். சைடுஸ்டாண்டுக்கு ஆட்டம் வருவது சரியாக ஆக்சிலரேட்டரை விடும்போதுதான். முதல் காரணம் அது இல்லை, ஆனால் தூண்டிவிடலாம்.

#23 சைடுஸ்டாண்டு

50-ல் கத்துகிறது என்பது உண்மைதான். ஆரம்பத்தில் அதுவே பலம் என்று நினைத்தேன்.

12 அங்குல முன் ரிம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

#24 ஈரத்தரை

நான் போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். குழியில் விழுந்து எழுவது கண்டிப்பாக மேம்படும், பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் அவ்வளவு இறங்காது. ஆனால் 90/90-12 போட்டால் விட்டம் 467 மி.மீ. பத்து அங்குலத்தோடு பார்த்தால் 33 கூடுதல், அச்சு 16 மி.மீ. உயரும். மூக்கு தூக்கி நிற்கும், ஹெட்லைட்டை மறுபடி கீழே இறக்க வேண்டும். முன் சக்கரத்திலிருந்து வேகமானிக்கு கேபிள் போகிற வண்டி என்றால் முள் 60 காட்டும்போது நீங்கள் 64, 65-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். அதே டிரம், பெரிய சக்கரம், அதனால் முன் பிரேக் ஏழு சதவீதம் அளவுக்கு மந்தமாகும். முன்னால் டிஸ்க்கும் சேர்த்துப் போட்டால்தான் எனக்கு மனம் ஒப்பும்.

மட்கார்டில் இடிக்குமா என்று நின்ற வண்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தை மேலே முட்டும் வரை தூக்கிப் பாருங்கள். எனக்கு அங்கேதான் இடித்தது. நல்லவேளை, ஓடும்போது இல்லை.

இதெல்லாம் அந்த ஆட்டம் நின்ற பிறகு யோசியுங்கள். இப்போதே மாற்றினால் எது எதனால் என்று யாருக்கும் தெரியாது.

#25 நெம்புகோல்

பழைய ஸ்கூட்டர்காரன் ஒருவன் இடையில் புகுகிறேன். என் வண்டியில் ரிம் இரண்டு பாதி, நட்டு போட்டு இணைத்தது. இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது அந்த மாதிரி ரிம்மில் டயர் மாற்றப் போனால் ஒன்றே ஒன்று: இரண்டு பாதியையும் இணைக்கும் நட்டுகளைத் தொடுவதற்கு முன் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்குங்கள். காற்றோடு அவிழ்த்தால் ரிம் வெடித்துப் பிரியும், முகத்துக்கு நேராக வரும். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டு வேறு, பாதிகளை இணைக்கும் நட்டு வேறு. குழம்புகிற இடம் அதுதான்.

அந்த ரிம்மில் ட்யூப் கட்டாயம், இணைப்பு வழியாகக் காற்று ஒழுகும். ட்யூப் போட்டவர்கள் வால்வு நேராக நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்று குறைந்து டயர் ரிம்மில் நகர்ந்திருக்கிறது. கேஜ் இல்லாமலே தெரிகிற அடையாளம்.

#26 மெதுவாகப்போ

எனக்கு இன்றுதான் தெரியும், இரண்டு நட்டும் வேறு வேறு என்று. என் பெரியப்பாவின் பழைய வண்டி எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. தொடாமல் இருந்தது நல்லதாயிற்று.

#27 சைடுஸ்டாண்டு

பத்து நாள் கழித்து வருகிறேன். ஒரே சாலை, ஒரே நேரம், ஒவ்வொரு மாற்றமாகச் செய்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

முன் 17-லிருந்து 22, பின் 31 அப்படியே, பெட்டி அப்படியே: முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது. ஹேண்டில் இலேசானது, நிறுத்தும் இடத்தில் வண்டியைத் திருப்பும்போதே தெரிந்தது.

சங்கிலி, பூட்டு, லேப்டாப் மூன்றும் பெட்டியிலிருந்து கீழே வந்தன: 40-ல் ஒரு சின்ன நடுக்கம் மட்டும்.

முன்னால் 24 ஏற்றிப் பார்த்தேன்: நடுக்கம் மாறவில்லை, ஸ்பீடு பிரேக்கரில் மணிக்கட்டு வலித்தது. மறுபடி 22.

பின்னால் 29: வளைவில் மிதப்பு கூடியது. 33: மிதப்பு குறைந்தது, ஆனால் ஈரமான சிமென்ட் தரையில் பின் பிரேக் சீக்கிரமே வழுக்கியது. 31-க்கே திரும்பினேன். காலையில் 31 வைத்து, இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தியதும் பார்த்தால் 33.5.

ரிம் அகலத்தை அட்டவணையில் பார்த்தேன். அனுமதித்ததில் மிகக் குறைந்த அகலம்தான் என்னுடையது. மிதப்பு முழுதாகப் போகாததற்கு அது காரணமாக இருக்கும். இந்த டயர் தேய்ந்ததும் பழைய அளவுக்கே போகலாமா என்று யோசிக்கிறேன்.

ரோலர் மூன்றுக்கு மூன்றாக மாற்றினேன். பழையவை தட்டையாகவில்லை. 50-ல் சத்தம் அடங்கியது, பாய்ச்சல் கொஞ்சம்தான் குறைந்தது.

#28 பழையசக்கரம்

33.5 என்றால் 31-ல் எட்டு சதவீதம் ஏறியிருக்கிறது, நல்லதுதான். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் டயர் அதிகமாக மடிந்து சூடாகிறது, காற்று போதவில்லை என்று சந்தேகப்படுவேன். பின்னால் ஆள் ஏற்றும் நாளில் மறக்காமல் 36 வையுங்கள், அன்று பெட்டியைக் காலி செய்துவிடுங்கள். ஆளும் பெட்டியும் சேர்ந்தால் பின் சக்கரத்தில் 183 கிலோ வருகிறது. உங்கள் டயரில் பாரக் குறியீடு என்ன? 53 என்றால் 206 கிலோ வரை, 56 என்றால் 224. இரண்டிலும் அடங்கும், ஆனால் அந்த எடையோடு 31-ல் ஓட்டக் கூடாது.

மீதி நடுக்கம்?

#29 சைடுஸ்டாண்டு

56 என்றிருக்கிறது ஐயா.

மீதி நடுக்கம் கோன் செட்தான். நீங்கள் சொன்னபடி சக்கரத்தைத் தூக்கி விரலால் திருப்பினேன், நேர் இடத்தில் டொக் என்று உட்கார்ந்தது. முன் டயரும் கையில் ரம்பம் மாதிரிதான் தடுக்கியது. இரண்டையும் மாற்றக் கொடுத்திருக்கிறேன். முன்னால் பழைய அளவேதான், பத்து அங்குலம்.

#30 ரோலர்பிரியன்

என் கேஜைச் சரிபார்த்தேன். அது 40 காட்டும்போது உள்ளே 34 இருக்கிறது. எனக்கும் இரண்டு பேர் பாரம்தான் தினமும். மூன்று வருடம் விழாததன் ரகசியம் இப்போது புரிந்தது.

#31 கிரீஸ்கை

அப்படியானால் இன்னும் 2 ஏற்றுங்கள்.